பூட்டு வைத்த ஃபிரிட்ஜ்

நெல்லித்தோப்புக்கு வந்து அஞ்சலாட்சி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பேதி அஞ்சலாட்சி என்று கேட்டால் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் வாசலிலேயே விட்டுவிடுவார்கள். ஒரு சமையல்காரிக்கு இதைவிடக் கேவலமான பட்டப்பெயர் கிடையாது. குடிகாரன், சோம்பேறி என்ற பெயரோடெல்லாம் ஒரு மனுஷன் பிழைத்துவிடலாம். பேதி என்ற பெயரோடு ஒருத்தி அடுப்படியில் எப்படிப் பிழைப்பாள்? அந்தப் பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் முசே லூசியன். அந்த ஆளை மண்ணைக் கவ்வ வைக்காமல் சாவதில்லை என்று அஞ்சலாட்சி வருஷக்கணக்காகக் கருவிக்கொண்டிருந்தாள்.

லூசியன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். பாஸ்போர்ட்டில் பிரெஞ்சுக்காரர், மற்றபடி தமிழர். தமிழில் திட்டுவார், பிரெஞ்சில் குழைவார். குளிர்காலத்தில் பிரான்சிலிருந்து வருகிறவர்களையும் ஊரில் வாத்தியார் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரு பெஜோ காரிலும் ஒரு வேனிலும் செஞ்சிக்குப் போவார். கோட்டை அடிவாரத்தில் கிணறு உள்ள மாந்தோப்பு ஒன்று இருந்தது. அங்கே கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்கல். வேனை ஓட்டியவன் அஞ்சலாட்சியின் புருஷன் பக்கிரி. பஞ்சாலையில் ஆளைக் குறைத்தபோது வெளியே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவன். சமையல் அஞ்சலாட்சி. தக்காளியும் பூண்டும் போட்டு அவள் செய்கிற இறாலுக்காகவே செஞ்சிக்கு வந்தவர்கள் உண்டு. கோட்டையை அவர்கள் அப்புறம்தான் பார்த்தார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஜனவரியில் வந்தது வினை. விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டில் இறாலைக் கூடையோடு வாங்கி, உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டியில் ஐஸுக்கு அடியில் வைத்து எடுத்துப் போனார்கள். தோப்பில் இறங்கியதும் அஞ்சலாட்சி கிணற்றடிக்குப் போய்ப் பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள். மத்தியானம் விருந்தாளிகள் சில்லென்ற பீர் குடித்தார்கள். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு, ஆனால் வெள்ளைக்காரர்களுக்குப் பர்மிட் இருந்தது. சாயங்காலம் அவள் பெட்டியைத் திறந்து இறாலைக் கையில் எடுத்தபோது முகத்தைச் சுளித்தாள்.

"முசே, எறா ஒரு மாதிரி இருக்குது."

"ஐஸ்லதானே இருந்துச்சு. பேசாம சமை" என்றார் லூசியன்.

சமைத்தாள். சாப்பிட்டவர்கள் எல்லோரும் மறுநாள் காலைவரை மாமரத்துக்கு மாமரம் ஓடினார்கள். ஓடி ஓய்ந்தவர்களை லூசியன் பாய் விரித்து உட்கார வைத்தார். அஞ்சலாட்சியைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். கையை நீட்டச் சொன்னார். ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் திருப்பி, நகத்தை அவர்களுக்குக் காட்டிக் காட்டி, பிரெஞ்சில் ஏதோ சொன்னார். 'சால்' என்ற சொல் மட்டும் அவள் காதில் திரும்பத் திரும்ப விழுந்தது. வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியில் வேலை பார்த்தவளுக்கு அது தெரியாதா? அழுக்கு என்று அர்த்தம்.

அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர் மதாம் ஆன்-மரி ஒருவர்தான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், புதுச்சேரிக்காரி, லூசியனுக்குத் தூரத்து உறவு. தன் பக்கத்துப் பேச்சை அந்த அம்மாள் எடுத்துச் சொல்வாள் என்று அஞ்சலாட்சி அவளையே பார்த்தாள். அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். பாவம், வயிற்றுவலி போலிருக்கிறது என்று அஞ்சலாட்சி நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் பக்கிரி வாயைத் திறந்தான். இறால் கூடை மத்தியானமெல்லாம் வேனுக்கு அடியில், சுடுமண்ணில் இருந்ததாம். ஐஸ் முழுக்கப் பீர் பாட்டிலாம். பாட்டில் காலியான பிறகுதான் கூடை பெட்டிக்குள் போயிற்றாம்.

"அத அங்கயே சொல்றதுக்கு இன்னாய்யா?"

"மொதலாளி ஆச்சே. நான் போய் இன்னான்னு சொல்றது?"

ஒரு மாதம் அவள் அவனுக்குச் சோறு போட்டாள், பேச்சுக் கொடுக்கவில்லை. அதற்குள் செய்தி ஊருக்குள் வந்துவிட்டது. பெரிய மார்க்கெட்டில் மீன்காரிகள், "இன்னா அஞ்சல, இன்னிக்கு யாருக்குப் பேதி?" என்று சிரித்துக்கொண்டே தராசைத் தூக்கினார்கள். பத்து வருஷமாக அவள் சமைத்துப்போட்ட ஒரு வீட்டில், அவள் கொண்டுபோன கேக்கை வாங்கி நாய்க்கு வைத்தார்கள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தே வைத்தார்கள்.

அழுது தீர்க்கிற ரகம் இல்லை அஞ்சலாட்சி. லூசியன் எதை வைத்துச் சாப்பிடுகிறாரோ அதைப் பிடுங்குவது என்று முடிவு செய்தாள். அவருடைய விருந்தாளிகள். ஒருத்தர் விடாமல். மில்லில் பக்கிரிக்கு வந்த செட்டில்மென்டில் பழைய மெட்டடார் வேன் ஒன்று வாங்கினார்கள். கூடாரமும் மடக்கு நாற்காலியும் சேர்ந்தன. மிச்சம் ஒன்றே ஒன்று. வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஃபிரிட்ஜ்.

ஐஸ் பெட்டியே செய்துகொள்ளலாமே, தச்சன் இரண்டு நாளில் அடித்துக் கொடுத்துவிடுவானே என்றான் பக்கிரி. "ஐஸ நம்புனா ஐஸ்காரன நம்பணும். மூடியத் தொறக்குறவன் கையெல்லாம் நம்பணும். நான் ஒருத்தரையும் நம்புறதா இல்ல" என்றாள். அவளுக்கு மூன்று காரியம் ஆக வேண்டும். ஐஸ் இல்லாமல் குளிர வேண்டும். வண்டி ஓடும்போதும் குளிர வேண்டும். பூட்டு இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைச் சொன்னால் எல்லோரும் சிரித்தார்கள், பீரோவா வாங்கப் போகிறாய் என்று.

முதலில் கிடைத்தது கேஸ் ஃபிரிட்ஜ். ஐரோப்பாவிலிருந்து தரை வழியாகவே வேன் ஓட்டிக்கொண்டு வந்த ஒரு ஜோடி, வண்டி படுத்துவிட்டதால் கருவடிக்குப்பத்தில் மெக்கானிக் ராமலிங்கத்தின் ஷெட்டில் அதைத் தள்ளிவிட்டு ரயிலேறிப் போய்விட்டது. வேனுக்குள் டிரங்குப் பெட்டி அளவில் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. ராமலிங்கம் அதைக் கழற்றி ஷெட்டுத் தரையில் வைத்து, பின்பக்கம் குனிந்து நெருப்பைப் பற்ற வைத்தான்.

"நெருப்பு வச்சா குளுருமா? யார்கிட்ட வுடற?" என்றான் பக்கிரி.

"எனக்கும் புரியல மாமா. ஆனா குளுருது" என்றான் ராமலிங்கம்.

குளிரத்தான் செய்தது. அஞ்சலாட்சி அத்தோடு விடவில்லை. ஒரு கை இறாலை உள்ளே வைத்து, ஃபிரிட்ஜை மெட்டடாரில் ஏற்றி, செஞ்சிக்கு விடச் சொன்னாள். அவளுடைய பரீட்சை அதுதான். எந்த இறால் தன்னைக் கவிழ்த்ததோ அந்த இறால், எந்த ரோட்டில் போனாளோ அந்த ரோடு. வண்டி ஓடும்போது நெருப்பு வைக்கக்கூடாது என்று ராமலிங்கம் சொல்லியிருந்தான். ஆகவே நிறுத்தி நிறுத்திப் பற்ற வைத்தார்கள். காற்றில் அணைந்தது. வண்டி சாய்வாக நின்றால் நெருப்பு எரிந்தும் குளிரவில்லை. கல் முட்டுக்கொடுத்துச் சமமாக நிறுத்திப் பார்த்தார்கள். திண்டிவனம் தாண்டுவதற்குள் மூடியைத் திறந்து மோந்து பார்த்த அஞ்சலாட்சி, இறாலைச் சாலையோரத்தில் கொட்டினாள்.

"உக்காந்த எடத்துல வேல செய்யிறதுக்கு எங்கூட்டு மண்பானையே போதும். திருப்புய்யா வண்டிய."

இரண்டாவது மெட்ராஸில் கிடைத்தது. பர்மா பஜாரில் நீல நிறத்தில், பார்க்க அழகாக ஒரு பெட்டி. காரில் சிகரெட் பற்ற வைக்கிற ஓட்டையில் ஒயரைச் செருகினால் போதும், ஜப்பான் சாமான் என்று கடைக்காரன் அடித்துச் சொன்னான். பக்கிரிக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது, தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். கொண்டுவந்து சித்திரை வெயிலில் செஞ்சிப் பரீட்சை வைத்தார்கள். வெளியே நெருப்பாகக் கொதித்தால் உள்ளே வெந்நீர் ஆறினது மாதிரி இருந்தது, அவ்வளவுதான் அதன் குளிர்ச்சி. போதாததற்கு வேன் பாட்டரியை முழுக்க உறிஞ்சிவிட்டது. மறுநாள் காலையில் வண்டி இருமக்கூட இல்லை. தோப்பிலிருந்து மெயின்ரோடுவரை அஞ்சலாட்சி தள்ளினாள், பக்கிரி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினான். வழியெல்லாம் அவள் கரித்துக்கொட்டியது லூசியனை. அந்தப் பெட்டியில் அப்புறம் வெங்காயம் போட்டு வைத்தாள்.

இதற்குள் அவளுடைய ஃபிரிட்ஜ் வேட்டை ஊருக்கே தெரிந்துபோயிற்று. பேதிக்கு ஃபிரிட்ஜ் கேட்கிறதாம் என்று லூசியன் தன் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்தார் என்று காதில் விழுந்தது. அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் இருக்கிற கோவிலுக்கெல்லாம் அந்த ஆள் நாசமாகப் போக வேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். மாதா கோவிலையும் விடவில்லை.

மாதா கேட்டாளோ என்னவோ, மறு மாதமே மதாம் ஜொசியான் ஆளனுப்பினார். லூசியனுடைய அண்ணனின் விதவை அவர். அண்ணன் ஆப்பிரிக்காவில், ஜிபூத்தியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் அஜுதான் என்ற அதிகாரியாக இருந்து, ஊர் திரும்பிய வருஷமே மாரடைப்பில் போய்விட்டார். அவர் கப்பலில் கொண்டுவந்த பெஜோ காரைத்தான் லூசியன், 'அண்ணி, நான் பார்த்துக்குறேன்' என்று ஓட்டிப் போனார். இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வருஷ பூசைக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்றபோது ஜொசியான் வேண்டுமென்றே அஞ்சலாட்சியைக் கூப்பிட்டார்.

"அவன் தொரத்துன ஆளுன்னாங்க. அப்ப நல்ல ஆளாத்தான் இருக்கும்" என்றார் ஜொசியான்.

கூடத்தில், செத்துப்போன அஜுதானின் படத்துக்குக் கீழே, லேஸ் துணி போர்த்திய ஒரு மேஜை இருந்தது. மேலே மாதா சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் ரோஜா. அடுப்பிலிருந்து எடுத்த சூடான தட்டை இறக்கி வைக்க இடமில்லாமல் அஞ்சலாட்சி லேஸை ஒதுக்கினாள். மேஜை இல்லை. சாம்பல் நிறத்தில் இரும்புப் பெட்டி. மூடியில் ரப்பர் விளிம்பு. பக்கவாட்டில் சன்னல் மாதிரி தகடு. நடுவில் சாவித் துவாரம்.

"இது இன்னா மதாம்?"

"ஃபிரிஜிதேர். பாலைவனத்துல ஜீப்புல வச்சிக்கிட்டுப் போனது. இங்க எந்தப் பிளக்குலயும் சேரல. ஒயர் முனையில ரெண்டு கிளிப்புதான் இருக்குது. பிளக்கு கப்பல்லயே தொலஞ்சிபோச்சி போல. அவரும் போயிட்டாரு, யாரைக் கேக்குறது?"

அஞ்சலாட்சி பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒயரை இழுத்தாள். முனையில் சிவப்பும் கறுப்புமாகப் பல்லுள்ள இரண்டு கிளிப்புகள். பர்மா பஜார்ப் பெட்டி வண்டியைக் குடித்த அன்றைக்கு ராமலிங்கம் பாட்டரியில் மாட்டினானே, அதே கிளிப். தொலைந்துபோன பிளக்கைத் தேடி ஒரு குடும்பமே எட்டு வருஷமாக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறது, அந்த ஃபிரிட்ஜின் தலையிலேயே.

அன்றைக்கே ராமலிங்கத்தைப் பாட்டரியோடு வரச் சொன்னாள். கிளிப்பை மாட்டியதும் பெட்டி அடிவயிற்றில் உறுமியது. சற்று நேரத்தில் உள்தகட்டில் வெள்ளையாகப் பூத்தது. ஜொசியான் விரலால் தொட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஞ்சலாட்சிக்கு அழுகையெல்லாம் வரவில்லை. சாவி இருக்கிறதா என்று கேட்டாள்.

செஞ்சிப் பரீட்சையில் இறால் கல் மாதிரி உறைந்து வந்தது. அதற்குப் பின்னால் பழைய குறை வரக்கூடாது என்று, ராமலிங்கம் ஃபிரிட்ஜுக்கென்றே இரண்டாவது பாட்டரி ஒன்றை வேனில் வைத்து, வண்டி ஓடும்போது அதுவும் சார்ஜ் ஆகிற மாதிரி இணைத்துக் கொடுத்தான். விலை பேசுகிற நேரம் வந்தது. லூசியனும் அதை இரண்டு முறை கேட்டிருக்கிறாராம், கெட்டுப்போயிற்று என்று சொல்லி அனுப்பினாராம் ஜொசியான்.

"காசு வேணாம் அஞ்சலாட்சி. ஒவ்வொரு தடவையும் நீ செஞ்சிக்குப் போகும்போது அவன் வூட்டு வாசல் வழியாப் போ. இத அவன் கண்ணுல படுற மாதிரி வையி. அது போதும் எனக்கு."

இரண்டு பெண்களும் அன்றைக்கு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பை லூசியன் பார்த்திருந்தால் அப்போதே ஊரைவிட்டுப் போயிருப்பார்.

அஞ்சலாட்சி வாக்குத் தவறவில்லை. மெட்டடாரின் பின்கதவைத் திறந்து வைத்து, ஃபிரிட்ஜ் வெளியே தெரிகிற மாதிரி கட்டி, லூசியன் வீட்டு வாசலில் பக்கிரியை ஹாரன் அடிக்கச் சொன்னாள். சாவியைத் தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டாள். முதல் வருஷம் யாரும் வரவில்லை. அடுத்த வருஷம் முசே ஆலேன் வந்தார். வழுக்கைத் தலை, வெள்ளைக்கார வாத்தியார். அந்தப் பேதிக் கூட்டத்தில் ஒருவர். செஞ்சி வெயிலில், ரொட்டியின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்த வெண்ணெயைக் கண்டதும் விரல்களைக் குவித்து முத்தம் கொடுத்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அவர்கள் பின்னால் மற்றவர்கள். லூசியன் பக்கத்திலிருந்து ஒவ்வொருவர் கழன்று வரும்போதும் அஞ்சலாட்சிக்கு வயிறு குளிர்ந்தது. வந்தவர்களுக்குத் தன் கையாலேயே பரிமாறினாள். லூசியன் வேனை விற்றார், ஒரு கூடாரத்தை விற்றார். மார்க்கெட்டில் பேதி என்ற பேச்சு கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் ஒரு வாய் திறந்து, அன்றைக்குத் தப்பு உன்னுடையது இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்காமல் அவளுக்கு எதுவும் தீரவில்லை.

எண்பத்து நாலு ஜனவரியில் இரண்டு கூட்டமும் ஒரே தோப்பில் இறங்கும்படி ஆயிற்று. கிணறு உள்ள தோப்பு அது ஒன்றுதானே. அஞ்சலாட்சியோடு ஆலேனும் சேர்த்து நாலு பேர். லூசியனையும் சேர்த்து அந்தப் பக்கம் ஆறு பேர், அதில் மதாம் ஆன்-மரியும் ஒருத்தி. சொந்தக்காரர் என்று கடைசிவரை அவரை விடாதவள். பெஜோ வழியில் நின்றுபோய், பாதிநாள் வெயிலில் கிடந்து, அவர்கள் வந்து சேர்ந்தபோது ஐஸ் பெட்டியில் தண்ணீர்தான் இருந்தது. தண்ணீரில் வஞ்சிரம் மிதந்தது.

ஆறு வருஷம் அவளிடம் பேசாத மனுஷன் அவளுடைய அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார்.

"அஞ்சல, ஒரு ஒதவி. கொஞ்ச நேரம் இந்த மீன ஒன் ஃபிரிஜிதேர்ல..."

"பூட்டியிருக்குது முசே. சாவிய எங்க வச்சேன்னு தெரியல."

சாவி அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னொரு ஆறு வருஷம்கூடக் காத்திருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போன பிறகு, முகத்தில் சிரிப்பு தெரியாமல் இருக்க அடுப்பை ஊதினாள்.

கொஞ்ச நேரத்தில் லூசியனுடைய புதுச் சமையல்காரி சின்னப்பாப்பா கிணற்றடிக்கு வந்தாள். நாற்பது வயது, புருஷன் இல்லாதவள், முதல் தடவையாக அவரோடு வந்திருந்தாள். மீனைக் கழுவினாள், மோந்து பார்த்தாள், மறுபடி கழுவினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"மீன் போயிருச்சுன்னு சொன்னியா அவருகிட்ட?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"சொன்னேங்க்கா. ஐஸ்லதானே இருந்துச்சு, மசாலாவத் தூக்கலாப் போட்டுப் பொரின்னு சொல்லிட்டாரு."

அஞ்சலாட்சிக்கு உச்சந்தலைவரை ஏறியது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். நாளைக் காலையில் லூசியனின் பிழைப்பு முடிந்தது. அவள் கோவில் கோவிலாக நேர்ந்துகொண்டது அதைத்தானே. பேதி என்ற பெயர்கூடத் தன்னை விட்டுவிட்டு இவளைப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆசையும் அவளுக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நாளைக்குப் பாய்க்கு நடுவில் கையை நீட்டிக்கொண்டு நிற்கப் போவது லூசியன் இல்லை, சின்னப்பாப்பா.

மீன் பொரிந்து மேஜைக்குப் போகிற நேரம் அஞ்சலாட்சி குறுக்கே வந்து தட்டை வாங்கினாள். விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரே போனாள். தன்னுடைய நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். லூசியன் முன்னால் தட்டை வைத்தாள்.

"நீங்க மொதல்ல தின்னுங்க முசே."

லூசியன் தட்டைத் தொடவில்லை. எழுந்து, அவளைக் காட்டி, பிரெஞ்சில் படபடவென்று பேசினார். பொறாமை பிடித்தவள் என்கிற மாதிரி ஏதோ. அவள் அசையவில்லை.

"ஒரே ஒரு துண்டு. நீங்க தின்னுட்டா நான் போயிர்றேன்."

அப்போது மதாம் ஆன்-மரி தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"போதும் லூசியன். அவ சொல்றது சரிதான். அன்னிக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றாள் தமிழிலேயே. அஞ்சலாட்சியைப் பார்த்துச் சொன்னாள். "பீருக்கு எடம் பத்தல. எறாக் கூடைய எடுத்து வெளிய வைன்னு இவரு சொன்னாரு. எடுத்து வேனுக்கு அடியில வச்சது நான்தான்."

ஆறு வருஷமாக எந்தச் சொல்லுக்காகச் செத்துப் பிழைத்தாளோ அந்தச் சொல். கேட்டதும் நெஞ்சு நிறைய வேண்டாமா? நிறையவில்லை.

"அப்ப, அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியுமா மதாம்?"

"எல்லாருக்கும் தெரியும் அஞ்சலாட்சி. காலையில நாங்க அதைத்தான் பேசிக்கிட்டோம்."

"அப்பறம் ஏன் ஒருத்தரும் வாயத் தொறக்கல?"

"கூட்டிட்டு வந்தவரை நாலு பேர் எதிர்ல எப்படிச் சொல்றது? அவருக்குச் சங்கடமாயிருமேன்னு விட்டுட்டோம். நீ கெட்டிக்காரி. ஒனக்கு வேற வேல கெடச்சிரும்னு நெனச்சோம்."

அஞ்சலாட்சி ஆலேனைத் திரும்பிப் பார்த்தாள். இந்த ஆறு வருஷத்தில் தமிழ் அந்த அளவுக்கு அவருக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. அவர் கத்தியைக் கையில் எடுத்து அதன் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலிருந்த இரண்டு பேரும் அன்றைக்குப் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள்தான், அவர்கள் கோட்டையைப் பார்த்தார்கள். மூன்று குளிர்காலமாக அவள் கையால் வெண்ணெய் தின்றவர்கள். விரலைக் குவித்து முத்தம் கொடுத்தவர்கள். லூசியனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்று யாரை அவள் ஒவ்வொருவராக எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டாளோ, அவர்கள். கெடுதல் செய்தவர் ஒருத்தர் என்று நினைத்து, மற்றவர்களுக்கெல்லாம் இத்தனை நாள் விருந்து வைத்திருக்கிறாள்.

லூசியன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். அந்த ஆளைத் திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"இன்னாய்யா, ஃபிரிட்ஜ வண்டியில ஏத்து" என்றாள் பக்கிரியிடம்.

"இன்னும் சாப்பாடே போடல. காசு வாங்கியிருக்கோம்."

"திருப்பிக் குடுத்துக்கலாம். ஏத்து."

பக்கிரி அவள் முகத்தைப் பார்த்தான். மறுபேச்சு பேசாமல் ஏற்றினான். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சூப்பை அவளே தூக்கிக் கிணற்றடி வாய்க்காலில் சாய்த்தாள். ஆலேன் எழுந்து வந்து, சாப்பாடு என்று தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"ஃபினி முசே. முடிஞ்சிபோச்சி" என்றாள்.

சின்னப்பாப்பா எங்கே நிற்பது என்று தெரியாமல் கிணற்றுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றாள். "நீயும் ஏறு. இங்க யாருக்காக நிக்கிற?" என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்து முன்சீட்டில் உட்கார வைத்தாள். பத்து வெள்ளைத் தட்டுகளையும் பத்து மனுஷர்களையும் மாமரத்தடியில் விட்டுவிட்டு மெட்டடார் கிளம்பியது. அதற்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரரும் அவளைத் தேடி வரவில்லை. அவளும் யாரையும் தேடவில்லை. கல்யாண கோஷ்டிகளையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிச்சாவரத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் போனாள். பேதி அஞ்சலாட்சி என்றே சாகும்வரை கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டாள்.

அன்றைக்குத் திண்டிவனத்துக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னாள். மூன்று பேருக்கும் பசி. தாலிக் கயிற்றிலிருந்த சாவியால் ஃபிரிட்ஜைத் திறந்தாள். முந்தின நாள் ஒரு டஜன் முட்டை உடைத்துச் செய்த கிரேம் கரமேல் என்ற இனிப்பு உள்ளே அப்படியே இருந்தது, அசைந்தால் ஆடியது. விருந்தாளிகளுக்காக வைத்தது. தட்டில் கவிழ்த்தாள். சின்னப்பாப்பாவுக்குப் பெரிய துண்டாகப் போட்டாள். அவள் வேண்டாம் வேண்டாம் என்றபடி வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு தனக்குப் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல், முழுசாகத் தின்று முடித்தாள்.

பக்கிரி கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கடைசியாகத்தான் போட்டாள்.